நெற்கட்டும்செவல் கட்டிய கூட்டணி

தென்பாண்டிப் பாளையங்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 7

1755ஆம் ஆண்டு மே மாதம். கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் படையோடு வந்து நின்றார். பிப்ரவரியில் திருச்சியிலிருந்து கிளம்பியபோது அவர் வசம் 500 ஐரோப்பியச் சிப்பாய்களும் 2,000 நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானும் குதிரைப்படையோடு கூடவே வந்தார். மதுரை சண்டையில்லாமல் கைக்கு வந்தது. திருநெல்வேலியிலும் எதிர்க்க ஆளில்லை. பல பாளையக்காரர்கள் கேட்ட கப்பத்தைக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் தங்கள் உறவினரையோ அலுவலரையோ பிணையாக ஒப்படைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி பிணை கொடுத்துத் தப்பியது. திரும்பிப் போகும் வழியில் கடைசியாக ஒரு கோட்டை மிச்சம் இருந்தது. அதன் தலைவர் பூலித்தேவர். அவரிடம் ஹெரான் கேட்ட தொகை 20,000 ரூபாய்.

பூலித்தேவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. வந்து நின்ற படையிடம் மதிலை இடிக்கும் பெரிய பீரங்கிகள் இல்லை, நாள் கணக்கில் முற்றுகையிட உணவும் இல்லை என்பது கோட்டைக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. மிரட்டல் பலிக்காமல் ஹெரான் மதுரைக்குத் திரும்பினார். அங்கிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் அவருக்கு இன்னொரு அடி விழுந்தது. வரும்போது மதுரைக்குப் பக்கத்தில் கோயில்குடிக் கோயிலில் புகுந்து சாமி சிலைகளை அவருடைய ஆட்கள் அள்ளியிருந்தார்கள். சிலைகளைத் திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். அந்தச் சிலைகளுக்காகக் கள்ளர்கள் நத்தம் கணவாயில் காத்திருந்தார்கள். காட்டுப் பாதையில் நீண்டு போன படைவரிசையின் நடுவே புகுந்து, சிலைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். சென்னையில் ஹெரான் ராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பூலித்தேவரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மே மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரனிடம் வரி கட்ட மறுத்த முதல் குரல் என்று சொல்லி மாலை போட்டுவிட்டு இறங்குகிறார்கள். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் ஹெரான் போன பிறகு வந்த நான்கைந்து வருடங்களில் அவர் செய்ததுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஒரு சின்னப் பாளையத்தின் தலைவர், தன் இனத்தாரையும் இன்னொரு நாட்டு அரசரையும் வடக்கிலிருந்து வந்த பட்டாணியத் தளபதிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். வீரம் பேசும் நாம் அவருடைய அரசியலைப் பேசுவதில்லை. இந்தப் பகுதி அந்த அரசியலைப் பற்றியது.

பூலித்தேவர் பிறந்தது 1715ஆம் ஆண்டு செப்டம்பர் 1. தந்தை சித்திரபுத்திரத் தேவர், தாய் சிவஞான நாச்சியார். காத்தப்பப் பூலித்தேவர் என்பது முழுப்பெயர். ஊர் நெற்கட்டும்செவல், சங்கரன்கோவில் வட்டாரம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து அதற்குள் போனது. கதை நடந்த காலத்தில் எல்லாமே திருநெல்வேலிச் சீமை.

சங்கரன்கோவிலை மையமாக வைத்து நிலத்தைப் பார்த்தால் இந்தக் கதையின் பாதி விளங்கிவிடும். ஊருக்குக் கிழக்கே போகப் போகக் கரிசல். கோவில்பட்டி, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி எல்லாம் அந்தப் பக்கம். மானாவாரிச் சீமை, பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மண். மேற்கே போனால் செம்மண்ணும் குளங்களும் பனங்காடும். அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல எழுந்து நிற்கும். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் கரிசலில் பெரும்பாலும் தெலுங்கு பேசும் பாளையக்காரர்கள் அமர்ந்தார்கள். மலையடிவாரத்தில் மறவர் பாளையங்கள்: சிவகிரி, சேத்தூர், கொல்லங்கொண்டான், தலைவன்கோட்டை, நடுவக்குறிச்சி, வடகரை, ஊற்றுமலை, சுரண்டை. சரித்திர நூல்கள் கிழக்குப் பாளையங்கள், மேற்குப் பாளையங்கள் என்று பிரித்து எழுதுவது இதைத்தான். மேற்குப் பாளையங்களின் தலைமை நெற்கட்டும்செவலிடம் இருந்தது. பரப்பில் அதைவிடப் பெரிய பாளையங்கள் பக்கத்திலேயே உண்டு. தலைமை பூலித்தேவரின் தனித்திறனால் வந்தது.

பாளையக்காரர் என்றால் என்ன என்று முதல் பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்த முறையில் பாளையத்து வருமானம் மூன்று கூறாகப் போகும். ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. இது போக, ஊர்களைக் காவல் காப்பதற்குக் காவல் வரி. தன் பாளையத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும் காவல் கொடுத்தால் தேசக்காவல். களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது காவல்காரர் பொறுப்பு, முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். பாளையக்காரர் கப்பம் கட்டியது மதுரைக்கு. 1730களின் கடைசியில் சந்தாசாகிபு ராணி மீனாட்சியை ஏமாற்றி மதுரையை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தக் கப்பத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. ஆற்காட்டு நவாப் தனக்குத்தான் என்றார். சந்தாசாகிபோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போர் நடத்தக் கும்பினியிடம் வாங்கிய கடன் அவர் கழுத்தை நெரித்தது. அந்தக் கடனை அடைக்கத் தெற்குச் சீமையின் வரியைக் காட்டினார். கடன் கொடுத்தவர்களே வசூலுக்கும் வந்தார்கள். ஹெரானின் படை அப்படித்தான் வந்தது.

எனவே பூலித்தேவர் மறுத்தது வெறும் 20,000 ரூபாயை மட்டுமல்ல. மதுரையில் அரசர் இல்லாதபோது, அந்த அரசருக்கான பங்கைக் கேட்க ஆற்காட்டுக்கு உரிமை இல்லை, ஆற்காட்டுக்குக் கடன் கொடுத்த வியாபாரிகளுக்கு அறவே இல்லை என்ற நிலைப்பாடு அவருடைய எல்லா நடவடிக்கைகளுக்கும் அடியில் ஓடுகிறது. அவர் எழுதிவைத்த பிரகடனம் எதுவும் நம் கையில் கிடையாது. யாரோடு சேர்ந்தார், யாரை எதிர்த்தார் என்பதை வைத்துத்தான் அவர் மனத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவரைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்கிறவர்களும் எதிர்ப்பக்கத்தவர்களே. கும்பினியின் சென்னை ஆலோசனைச் சபையில் அந்த நாட்களில் உறுப்பினராக இருந்த ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறுதான் ஆதாரங்களில் முதன்மையானது. அதிலிருந்து எடுத்துத் திருநெல்வேலிச் சரித்திரத்தைக் கால்டுவெல் 1881இல் எழுதினார். தங்களை ஓயாமல் தொல்லைப்படுத்திய ஒருவரைப் பற்றி எழுதும்போதும் அவரைச் சாதாரணக் கொள்ளைத் தலைவராக அவர்களால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

ஹெரான் போகும்போது மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை மாபூஸ்கானுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனார். வந்த படையில் ஒரு பகுதி நாட்டுச் சிப்பாய்களையும் அவரிடம் விட்டார். 15 லட்சத்தை வசூலிக்க வேண்டிய மாபூஸ்கானிடம் பணமும் இல்லை, மண்ணோடு பழக்கமும் இல்லை. பூலித்தேவர் வேலையைத் தொடங்கினார்.

முதலில் திருவிதாங்கூர். அங்கே மார்த்தாண்ட வர்மா அரசர். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்து, ஐரோப்பிய முறையில் படை பழக்கி, தென்கோடியில் பெரிய சக்தியாக வளர்ந்திருந்தார். மலைக்குக் கிழக்கே, களக்காட்டைச் சுற்றியுள்ள நஞ்சை நிலத்தின் மேல் அவருக்கு நெடுநாள் கண். சந்தாசாகிபின் ஆட்களாக மதுரையையும் நெல்லையையும் ஆண்ட மூன்று பட்டாணியர்கள், மியானா, முடேமியா, நபிகான் கட்டக். இவர்களில் முடேமியா அந்தக் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விற்றிருந்தார். ஹெரான் படை வந்ததும் திருவிதாங்கூர்ப் படை மலைக்கு அந்தப்பக்கம் ஒதுங்கியது. படை போனதும் திரும்ப வந்தது. களக்காட்டை மீட்க மாபூஸ்கான் போனார். திருவிதாங்கூர் 2,000 பேரை அனுப்பியது. பூலித்தேவரும் முடேமியாவும் அவர்களோடு நின்றார்கள். களக்காட்டில் மாபூஸ்கான் படை தோற்றது.

இங்கே சற்று நிற்க வேண்டும். மலையாள நாட்டு அரசரும் மறவர் தலைவரும் பட்டாணியத் தளபதியும் ஒரு களத்தில் ஒரே பக்கம் நின்று போரிட்டார்கள். சாதியோ சமயமோ மொழியோ இவர்களைச் சேர்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம். திருவிதாங்கூருக்கு நிலம் வேண்டும். பட்டாணியர்களுக்கு இழந்த அதிகாரம் வேண்டும். பூலித்தேவருக்கு ஆற்காடும் கும்பினியும் தாமிரபரணிச் சீமையில் காலூன்றக் கூடாது. மற்றவர்கள் விரும்பியது எது என்று தெரிந்துகொண்டு, தன் நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டின் அரசியல் அப்படித்தான் நடந்தது. கிளைவும் டூப்ளேயும் செய்ததும் அதே. அவர்கள் செய்தால் ராஜதந்திரம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோம். நம்மூர்ப் பாளையக்காரர் செய்தால் கலகம் என்று எழுதிய கும்பினிக் கணக்கை ஏன் அப்படியே நாம் ஏற்க வேண்டும்?

களக்காட்டு வெற்றிக்குப் பிறகு பூலித்தேவர் வடக்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கம் திரும்பினார். அங்கே மாபூஸ்கானின் தம்பி அப்துல் ரகீம் கோட்டைக் காவலுக்கு இருந்தார். கோட்டை பூலித்தேவர் வசமாயிற்று. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலுள்ள மேற்குப் பாதையில் இனி அவர் வைத்ததே சட்டம்.

அடுத்த இலக்கு திருநெல்வேலியே. 1756 மார்ச் 21ஆம் தேதி நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில் இரு படைகளும் மோதின. பூலித்தேவர் பக்கம் மேற்குப் பாளையங்களும் முடேமியாவும். மாபூஸ்கான் பக்கம் கும்பினிச் சிப்பாய்களும், கிழக்குப் பாளையங்களும். ஆம், எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அன்று எதிர்ப்பக்கம் நின்றன. அன்று பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவர் வீரபாண்டிய கட்டபொம்மனின் முன்னோர். அவர்கள் பிணையாகக் கொடுத்த ஆட்கள் மாபூஸ்கான் கையில் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். மேற்கு ஓங்கினால் கரிசலில் தங்கள் காவல் உரிமைகளுக்கு ஆபத்து என்பது இன்னொன்று. களத்தில் முடேமியா மாண்டார். அவர் விழுந்ததும் அணி குலைந்தது. பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குப் பின்வாங்கினார்.

அந்த மார்ச் 21ஐத்தான் இந்தச் சீமையின் சரித்திரத்தில் பெரிய இழப்பாக நான் எண்ணுகிறேன். கோட்டைகள் விழுவதும் எழுவதும் பின்னால் நடந்தன. ஆனால் கரிசலும் மலையடிவாரமும் ஒன்று சேர்ந்திருந்தால் வெளியாள் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது என்ற ஒரே வாய்ப்பு அன்று போயிற்று. கிழக்கின் ஆதரவைத் தேடிப் பூலித்தேவர் தூது விட்டார். பலிக்கவில்லை. 43 ஆண்டு கழித்து அதே பாஞ்சாலங்குறிச்சியைக் கும்பினி தாக்கியபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. மேற்கே பூலித்தேவர் போன்ற ஒருவர் அப்போது இல்லை.

தோல்விக்குப் பிறகு பூலித்தேவர் ஓய்ந்துவிடுவார் என்று சென்னையில் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. வசூல் செய்ய முடியாத மாபூஸ்கானை ஒதுக்கிவிட்டு, சீமையை நேரே தன் கண்காணிப்பில் கொண்டுவரக் கும்பினி தன் சிப்பாய்த் தளபதி யூசுப்கானை அனுப்பியது. குத்தகையும் கைமாறியது. அவமானப்பட்ட மாபூஸ்கான் தம்பியான நவாபுக்கும் கும்பினிக்கும் எதிராகத் திரும்பி, போய்ச் சேர்ந்த இடம் நெற்கட்டும்செவல்! இரண்டு வருடத்துக்கு முன் கப்பம் கேட்டு வந்தவர், களக்காட்டிலும் திருநெல்வேலியிலும் எதிரே நின்று போரிட்டவர், இப்போது பூலித்தேவரின் விருந்தாளி. நவாபின் அண்ணனே தன் பக்கம் இருப்பதால் நவாபின் பெயரால் யாரும் வந்து மிரட்ட முடியாது என்பதைப் பூலித்தேவர் உணர்ந்திருந்தார். பழைய பகையை மனத்தில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. அரசியல் தலைவருக்கு வேண்டிய குணம் இதுதான்.

1757இல் கேப்டன் கேலியட் திருச்சியிலிருந்து வந்து மதுரையை முற்றுகையிட்டார். மோதி எடுக்க முடியாமல், உள்ளே இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் மதுரைக் கோட்டையைப் பெற்றார். அதற்குள் பிரெஞ்சுப் போர் வடக்கே மும்முரமாகி, யூசுப்கானைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்ட 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரையான நாட்களில் கும்பினிக்குத் தெற்கைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அந்த இடைவெளியில் மேற்குப் பாளையங்கள் மூச்சு விட்டன.

1759 மே மாதம் யூசுப்கான் மதுரைக்குத் திரும்பி வந்தார். மருதநாயகம் என்ற பெயரில் நாம் அறிந்தவர், ராமநாதபுரம் பக்கத்துப் பனையூர்க்காரர். இந்த மண்ணையும் மனிதர்களையும் தெரிந்தவர். பூலித்தேவர் எதிர்கொண்டவர்களில் அவருக்குச் சமமான ஒரே ஆள். அவர் பீரங்கியை நம்புவதற்கு முன் கூட்டணியைக் கணக்கிட்டார். பூலித்தேவரின் வலிமை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. மார்த்தாண்ட வர்மா முந்தின வருடம் இறந்து, மருமகன் ராம வர்மா அரசராகியிருந்தார். யூசுப்கான் அவரிடம் ஆள் அனுப்பினார். எந்தக் களக்காட்டுக்காகத் திருவிதாங்கூர் பூலித்தேவரோடு சேர்ந்ததோ, அதே களக்காட்டை நான் தருகிறேன் என்றார். திருவிதாங்கூர் பக்கம் மாறியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது. பூலித்தேவரின் உத்தியை அவர் எதிரி அப்படியே எடுத்து அவர் மேலேயே பிரயோகித்தார். கூட்டாளியின் தேவையைக் கொண்டு கட்டிய நட்பு, அந்தத் தேவையை வேறொருவர் நிறைவேற்றினால் அவிழ்ந்துபோகும். களக்காட்டை யார் கொடுத்தாலும் திருவிதாங்கூருக்கு ஒன்றுதான். நிரந்தரமாக நிற்கக்கூடிய கூட்டாளிகள் கரிசலில் இருந்தார்கள். அவர்கள் வரவேயில்லை.

திருவிதாங்கூர்ப் படையும் யூசுப்கானின் படையும் சேர்ந்து மலையடிவாரத்தில் ஒவ்வொரு கோட்டையாக எடுத்தன. வடகரைப் பாளையக்காரர் கோட்டையை இழந்து நெற்கட்டும்செவலில் தஞ்சம் புகுந்தார். 1759 கடைசியில் படை வாசுதேவநல்லூருக்கு வந்தது.

வாசுதேவநல்லூர், பூலித்தேவரின் கோட்டைகளில் மலைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. மண் கோட்டை. ஐரோப்பியர்கள் முதலில் மண் கோட்டைகளைக் கேவலமாகப் பார்த்தார்கள். பிறகு பயந்தார்கள். கல்மதில் குண்டு பட்டால் பெயர்ந்து விழும். நன்றாகக் குழைத்து, அடித்து, வெயிலில் இறுகிய கனத்த மண்மதிலில் குண்டு போய்ப் புதைந்துகொள்ளும். சுற்றிலும் முள்ளடர்ந்த காவற்காடு. உள்ளே இருப்பவர்கள் ஈட்டி பிடித்தவர்கள். வளரி எறியத் தெரிந்தவர்கள். தாங்களே செய்த துப்பாக்கிகளும் வைத்திருந்தார்கள்.

யூசுப்கானிடம் பெரிய பீரங்கி போதவில்லை, வெடிமருந்தும் தட்டுப்பாடு. இருந்ததை வைத்து மதிலில் ஓர் உடைப்பு உண்டாக்கி, சிப்பாய்களை ஏவினார். உடைப்பில் ஏறியவர்களை உள்ளே இருந்தவர்கள் ஈட்டி முனையில் நிறுத்தினார்கள். அதே நேரம் நெற்கட்டும்செவலிலிருந்து தேர்ந்தெடுத்த ஆட்களோடு காட்டு வழியாக வந்து காத்திருந்த பூலித்தேவர், யூசுப்கானின் பாசறைப் பக்கம் பாய்ந்தார். முன்னால் கோட்டை, பின்னால் பூலித்தேவர். தாக்குதல் முறிந்தது. யூசுப்கானின் சிப்பாய்களில் ஏறத்தாழ 200 பேர் செத்தோ காயம்பட்டோ போனார்கள். திருவிதாங்கூர் அரசர் ஊர் திரும்பினார். யூசுப்கான் திருநெல்வேலிக்கு ஒதுங்கினார். அவருடைய போர் வாழ்க்கையில் இப்படிப்பட்ட தோல்விகள் அபூர்வம்.

இந்தச் சண்டைகளில் மதிலைக் காத்தவர்கள் யார்? கும்பினிப் பதிவுகள் எல்லாரையும் கள்ளர் படை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நெற்கட்டும்செவல் பக்கத்து ஜனங்கள் அப்படி முடிப்பதில்லை. வெண்ணிக் காலாடி பேரைச் சொல்வார்கள். பள்ளர் குலத்தில் பிறந்த தளபதி. வயிறு கிழிந்து குடல் சரிந்த பிறகும் தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்று போரிட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் செய்தி. அருந்ததியர் குலத்தில் பிறந்த ஒண்டிவீரன், எதிரிப் பாசறைக்குள் தனியாளாகப் புகுந்து நாசம் செய்தவர். இன்று பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2022இல் அஞ்சல் தலையும் வந்தது. பூலித்தேவரின் கூட்டணி என்று சொல்லும்போது அரசர்களையும் தளபதிகளையும் மட்டும் எண்ணினால் பாதிதான் எண்ணினதாகும். ஊர்க்குள்ளே அவர் கட்டிய கூட்டணி, களக்காட்டுக்கும் காசுக்கும் மாறவில்லை.

1760 முழுதும் யூசுப்கான் தயாரிப்பில் இருந்தார். பீரங்கி சேர்த்தார், மருந்து சேர்த்தார். மாபூஸ்கானும் நவாபோடு சமாதானமாகி வடக்கே போய்விட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் யூசுப்கான் திரும்பவும் நெற்கட்டும்செவலைத் தாக்கினார். மாதக்கணக்கில் நீண்ட சண்டை. 1761 மே 16ஆம் தேதி நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் கைக்குப் போயின. அதே ஆண்டு ஜனவரியில் வடக்கே புதுச்சேரி விழுந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒடுங்கிய பிறகு கும்பினியின் முழுக் கவனமும் தளவாடமும் தெற்கே திரும்ப முடிந்தது. எந்தப் பாளையத்துக்கும் தனியாக அதைத் தாங்கும் வலு இல்லை. பூலித்தேவர் தப்பி ராமநாதபுரம் சீமையில் கடலாடிப் பக்கம் மறைந்தார்.

யூசுப்கானுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக்கதை, இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு. நவாபோடு அவருக்கு முரண் முற்றி, கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். 1764 அக்டோபர் 15ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். மேற்குப் பாளையங்களை ஒடுக்கி அவர் கும்பினிக்குச் செய்த சேவைக்குக் கிடைத்த கூலி அது. அவர் போன பிறகு பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகள் பழுதுபார்க்கப்பட்டன. வயது ஐம்பதை எட்டியவர், எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர், முதலிலிருந்து தொடங்கினார்.

1766இல் வாசுதேவநல்லூரின் மேல் வந்த கும்பினிப் படை பலிக்காமல் திரும்பியது. 1767 மே மாதத்தில் கர்னல் டொனால்ட் கேம்பெல் பெரும் பீரங்கிகளோடு வந்தார். குண்டு உடைத்த இடத்தையெல்லாம் உள்ளிருந்தவர்கள் பனைமரத்தையும் வைக்கோலையும் போட்டு அடைத்தார்கள். அடைக்கும்போதே குண்டடிபட்டு விழுந்தார்கள். விழுந்தவர் இடத்துக்கு அடுத்தவர் வந்தார். தான் கண்ட துணிச்சலைக் கேம்பெல் வியந்து எழுதினார். கடைசியில் மழை பெய்த ஓர் இரவில், முற்றுகை வளையத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் மலைக்காட்டுக்குள் போய்விட்டார்கள். காலையில் கும்பினி எடுத்தது ஆளில்லாத கோட்டையை.

பூலித்தேவர் அதன் பிறகு என்ன ஆனார் என்று சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சங்கரநாராயணர் கோயிலைக் காட்டுவார்கள். சங்கரலிங்கர், கோமதி அம்மன், இருவருக்கும் நடுவே ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர். ஆடித்தபசுக்கு இந்தச் சீமையே திரளும் இடம். பூலித்தேவரின் வழிபாட்டுக்குரிய கோயில், அவருடைய கொடைகளைப் பெற்ற கோயில். பிடிபட்டுக் கொண்டுபோகப்படும் வழியில், கடைசியாக ஒருமுறை சாமி கும்பிட்டு வருகிறேன் என்று கேட்டு உள்ளே போனார். சன்னதியில் பாடி நின்றார். கைவிலங்கு தெறித்து விழுந்தது. ஒளியோடு ஒளியாகக் கலந்துவிட்டார். வெளியே காவல் நின்றவர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது.

சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் கதையைக் கூசிக்கொண்டு தாண்டுவார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. கும்பினி தான் பிடித்த எதிரிகளை என்ன செய்தது என்று பாருங்கள். யூசுப்கானை மதுரையில் ஊரறியத் தூக்கிலிட்டது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண் முன்னால் புளியமரத்தில் தூக்கிலிட்டது. பார்த்தவர்கள் பயந்து அடங்க வேண்டும் என்பதுதான் அந்தத் தண்டனையின் நோக்கம். 12 ஆண்டு தங்களை அலைக்கழித்த பூலித்தேவர் கையில் கிடைத்திருந்தால் அவருக்கும் அப்படி ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பூலித்தேவருக்குத் தூக்கு மேடை இல்லை. மலையடிவாரத்துக் குடியானவர்களுக்கு அது போதும். அவர்கள் தலைவரைக் கும்பினியால் கொண்டுபோக முடியவில்லை, சாமி கொண்டுபோனது என்று சொல்லி, வெள்ளைக்காரன் தர நினைத்த பயத்தை வாங்க மறுத்தார்கள்.

நெற்கட்டும்செவலில் அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. செப்டம்பர் 1இல் அமைச்சர்கள் வருவார்கள், கட்சிக் கொடிகள் நிறையும். எல்லாச் சாதியாரையும் ஒரு மதிலில் நிறுத்திய மனிதரை ஒரு சாதியின் தலைவராகச் சுருக்கும் பேச்சும் அன்று கேட்கும். வெண்ணிக் காலாடிக்கும் ஒண்டிவீரனுக்கும் தனித்தனி நாளில், தனித்தனிக் கூட்டம் மாலை போடும். வாசுதேவநல்லூர் மதிலில் அவர்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள். அந்தத் தனித்தனி நாட்களில் ஒரு நாளையாவது மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மேடையில் இந்த வட்டாரம் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு அரசு ஆணை எதுவும் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் மனசு வைத்தால் போதும்.

அடுத்த பகுதியில் கேம்பெல் மலையடிவாரத்தை விட்டுப் போனபின் நடந்ததைப் பார்ப்போம். சிவகிரிக்கும் சேத்தூருக்கும் கும்பினி விதித்த நிபந்தனைகள் என்ன, காவல் வரியை அது எப்படித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது, கரிசலும் மலையடிவாரமும் கடைசியில் 1801இல் எப்படிப் பேசிக்கொள்ளத் தொடங்கின என்பதெல்லாம் அதில் வரும்.